சட்டத்துக்கு வெளியே

கோடைக்காலம் முழுவதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் சுற்றிவிட்டு வந்தவன் செய்யக்கூடிய நியாயமான காரியம் ஒரு பிரயாணக் கட்டுரை எழுதுவதுதான். மலையின் நீலத்தைப் பற்றி இரண்டு பக்கம், அருவியின் வெண்மையைப் பற்றி ஒரு பக்கம், வழியில் கிடைத்த காப்பியைப் பற்றிக் கால் பக்கம் என்ற விகிதத்தில் கலந்து கொடுத்தால் பத்திரிகாசிரியர்களும் சந்தோஷப்படுவார்கள். வாசகர்களும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நானும் அப்படி ஒன்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது எழுதப்படாமல் போனதற்குக் காரணம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு கிழவி. அவள் என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் தெரியாதவனுக்குக் கோபம் வருவது சகஜம். முதலில் அவள்மேல் வந்தது. பிறகு என்மேல் வந்தது. இப்போது, மன்னிக்க வேண்டும், உங்கள்மேலும் கொஞ்சம் வருகிறது.

விஷயத்தை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ராயபுரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் காசிக்குப் போவார்கள். இவர் ஒரு பழைய வேனை வாங்கினார். உள்ளே இருந்த ஆசனங்களைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு சின்னக் குளிர்பெட்டி, கூரையில் தண்ணீர்த் தொட்டி என்று ஒரு முழுக் குடித்தனத்தையே அதற்குள் வைத்துவிட்டார். சினிமாக்காரர்கள் 'கேரவன்' என்று சொல்கிறார்களே, அதற்கு ஏழைப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அயல் நாடுகளில் குடும்பம் குடும்பமாக இப்படி வீட்டையே உருட்டிக்கொண்டு திரிவது பழைய வழக்கம். நம் பக்கத்திலும் அந்தக் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. கேரள அரசாங்கம் 2021-இல் இதற்கென்று ஒரு திட்டமே அறிவித்தது.

நண்பருக்கு வண்டி, எனக்குக் கேமரா. சித்திரை பிறந்த மறுநாள் கிளம்பினோம். ஜவ்வாது மலை, முதுமலை, உதகை, வால்பாறை, மூணாறு என்று நாற்பத்தெட்டு நாள் திரிந்தோம். ஒன்பதாயிரத்துச் சொச்சம் படம் எடுத்தேன். சங்கீதக்காரர் கச்சேரிக் கணக்குச் சொல்வதுபோல இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்தக் கணக்குத்தான் பிற்பாடு என் வாயை அடைத்தது.

பிரயாணத்தில் எனக்கு அபாரமான சந்தோஷம் கிடைத்தது என்பதை மறைக்க மாட்டேன். மோயாறு பள்ளத்தாக்கின்மேல் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடுவதைப் பார்த்தேன். மாடுகளுக்குப் போடும் டைக்லோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் மாமிசத்தின் வழியாக அந்தக் கழுகுகளை நாடு முழுவதும் கொன்று தீர்த்தது. 2006-இல் அந்த மருந்தை மாடுகளுக்குப் போடக்கூடாது என்று தடை செய்தார்கள். மிஞ்சிய சில கழுகுகள் இந்தப் பள்ளத்தாக்கில் கூடு கட்டுகின்றன. ஒரு கழுகின் நிழல் எங்கள் வண்டியின்மேல் விழுந்து கடந்தபோது என் நண்பர் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டிருப்பேன், கையில் கேமரா இருந்தது.

ஆனால் வால்பாறையில் நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். அங்கே காடு என்பது தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தீவு தீவாக மிஞ்சியிருப்பது. அப்படி ஒரு தீவில், ஒரு பெரிய மரத்தின் பொந்தில் இருவாட்சி கூடு வைத்திருப்பதாகச் சொன்னார்கள். இருவாட்சியின் தாம்பத்தியம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவு ஒரு பிளவு மட்டும் இருக்கும். முட்டை பொரிந்து குஞ்சு வளரும் வரையில், மாதக் கணக்கில், ஆண் பறவைதான் தொண்டை நிறையப் பழங்களைக் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியாக ஊட்ட வேண்டும். அது வராவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு இல்லை.

நாங்கள் போனபோது மரத்தடியில் ஏற்கெனவே பதினொரு பேர் முக்காலியை ஊன்றி நின்றார்கள். நான் பன்னிரண்டாவது ஆள். ஆண் இருவாட்சி எதிர்மரத்தில் வந்து உட்கார்ந்தது, பார்த்தது, போய்விட்டது. இரண்டாம் தடவையும் வந்தது, போய்விட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோமே தவிர, ஒருவரும் இடத்தை விட்டு நகரவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போன பிறகு, பசியின் அவசரத்தில்தானோ என்னவோ, அது துணிந்து பொந்துக்கு வந்தது. பன்னிரண்டு கேமராக்களும் மெஷின் துப்பாக்கி மாதிரி சடசடவென்று அடித்தன. பக்கத்தில் நின்றவர் எனக்கு ஒரு யோசனை சொன்னார்: "இரண்டடி இடப்பக்கம் தள்ளி நில்லுங்கள் சார். அங்கேயிருந்தால் தேயிலை கோடௌனின் தகரக் கூரை படத்தில் விழாது."

தள்ளி நின்றேன். கூரை விழவில்லை. கன்னி வனத்தின் நடுவே எடுத்ததுபோலப் படம் பிரமாதமாக வந்தது. அதைப் பார்த்தவர்கள் எல்லாம், "ஆஹா, மனிதன் காலடி படாத இடம்!" என்று சொன்னார்கள். இருபத்து நாலு காலடி பட்ட இடம் அது என்று நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஜூன் மாத ஆரம்பத்தில் ஊர் திரும்பினோம். வண்டலூரிலிருந்து வெளிவட்டச் சாலையைப் பிடித்து, மீஞ்சூரில் இறங்கி, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து வள்ளூர் வந்து சேரும்போது காலை ஏழு மணி. எங்கள் ஊர்ப் பெயரைச் சிலர் 'வல்லூர்' என்றும் எழுதுவார்கள். கடைசி எழுத்தை மாற்றி வல்லூறு ஆக்கிவிட்டால் பறவைப் பைத்தியத்துக்குப் பொருத்தமாக இருக்கும். பூட்டைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, படிந்திருந்த புழுதியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு திண்ணைக்கு வந்தேன். ஆயா நின்றுகொண்டிருந்தாள்.

ஆயாவுக்கு வயசு எழுபதுக்கு மேல் இருக்கும். கொசஸ்தலை ஆற்றில் கையாலேயே இறால் பிடித்துப் பிழைத்தவள். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடிக்கிற வித்தை அது. வலை வேண்டாம், படகு வேண்டாம். ஆறு இருந்தால் போதும்.

"இன்னா நைனா, இம்மாம் நாளு எங்க பூட்டே?" என்றாள்.

"மலைப் பக்கம் ஆயா. பறவை, மிருகம் எல்லாம் போட்டோ எடுக்க."

"அதான் கறுத்துப் பூட்டே. காட்டு, பாக்கலாம்."

காட்டினேன். இருவாட்சியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "இன்னா பட்சி இது? மூக்கு மேல இன்னொரு மூக்கு வெச்சாப்பல கீது!" அந்தப் பறவையைப் பற்றி இதைவிடச் சுருக்கமான வர்ணனையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கழுகைப் பார்த்தாள், யானையைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. நம்ம ஆத்த எடுத்த போட்டோ ஏதாச்சும் வெச்சிருக்கியா? இந்தச் சாம்பலு வர்றதுக்கு மின்ன எடுத்தது?"

"எதுக்கு ஆயா?"

"நம்ம பசங்க மனு எழுதறாங்க. ஆபீசுல, முன்ன இங்க எம்மாம் தண்ணி இருந்துச்சு, எது வரைக்கும் செடிங்க இருந்துச்சுன்னு ருசு காட்டுன்னு சொல்லிட்டாங்களாம். நாங்க வாயால சொன்னா எடுபடல. நீ இருவது வருசமா போட்டோ புடிக்கிறே. உங்கையில இல்லாமலா பூடும்?"

"பார்த்துச் சொல்கிறேன் ஆயா" என்றேன்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து தேடினேன். இருபது வருஷத்தில் நான் சேர்த்து வைத்திருக்கும் படங்கள் அறுபதாயிரத்துக்கு மேல். அவற்றில் எங்கள் ஊர் ஆற்றங்கரையில் எடுத்தவை பதினொன்று. அந்தப் பதினொன்றும் மீன்கொத்தி, கொக்கு, கூழைக்கடா. மீன்கொத்தியின் ஒவ்வொரு இறகையும் எண்ணலாம், அவ்வளவு தெளிவு. அதற்குப் பின்னால் இருக்கும் ஆறு? பச்சையும் சாம்பலுமாக ஒரு மங்கல். தண்ணீரா, வானமா, சுவரா என்று கடவுளாலும் சொல்ல முடியாது. பின்னணியை அப்படிக் கரைத்துக் காட்டுவதற்குத்தான் அந்த லென்ஸுக்கு அவ்வளவு விலை கொடுத்திருந்தேன்.

ஆயாவிடம் அந்த மீன்கொத்திப் படத்தைக் காட்டினேன். "நல்லா கீது" என்றாள். பிறகு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

இதுதான் நடந்தது. இனி என் அபிப்பிராயத்தைச் சொல்லுகிறேன்.

நாம் எல்லோரும் 'இயற்கை' என்று ஒன்றை மலைமேல் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை போய்த் தரிசனம் செய்துவிட்டு வருகிறோம். போகாத நாட்களில் அதன் படத்தைக் காலண்டரில் மாட்டிக்கொள்கிறோம். காலை வணக்கத்துடன் ஒருவருக்கொருவர் செல்போனில் அனுப்பிக்கொள்கிறோம். கீழே, நாம் குடியிருக்கிற இடத்தில் ஓடுகிற ஆற்றுக்கு அந்தப் பெயர் கிடையாது. அதற்குக் கால்வாய் என்று பெயர். சதுப்பு என்று பெயர். ஆள் இல்லாத இடம் என்று பெயர். எல்லாவற்றுக்கும் மேலாகப் புறம்போக்கு என்று பெயர். ஊர் முழுவதற்கும் பொதுவான நிலம் என்ற கௌரவமான அர்த்தம் அந்த வார்த்தைக்கு உண்டு. இன்று அதை வசவாகத்தான் உபயோகிக்கிறோம். 2017-இல் டி. எம். கிருஷ்ணா அந்த வசவையே எடுத்துக்கொண்டு, எங்கள் எண்ணூர்ப் பக்கத்துச் சேற்றில் நின்று ஒரு பாட்டுப் பாடினார். பாட்டை லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள். சேற்றைப் பார்க்க எத்தனை பேர் வந்தார்கள்?

உதகமண்டலத்து ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1820-களில் ஜான் ஸல்லிவன் என்ற கோயமுத்தூர்க் கலெக்டர் ஆள் வைத்து உண்டாக்கிய ஏரி அது. சுற்றிலும் நிற்கும் தைல மரங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. அதில் படகு விட்டுவிட்டு வந்து "இயற்கையின் மடியில் மூன்று நாள்" என்று எழுதுகிறோம். எண்ணூர்க் கழிமுகத்தை யாரும் வெட்டவில்லை. கொசஸ்தலை ஆறும் வங்காள விரிகுடாவும் ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பேச்சு வார்த்தை நடத்தி ஏற்படுத்திக்கொண்ட இடம் அது. மனிதன் வெட்டிய குளம் இயற்கை. இயற்கை வெட்டிய கழிமுகம் புறம்போக்கு! இந்த அகராதியை நமக்குத் தொகுத்துக் கொடுத்த பண்டிதர் யார்?

இத்தனைக்கும் ஒரு காலத்தில் மதராஸ் வெள்ளைக்காரர்கள் காற்று வாங்க வந்த இடம் எண்ணூர். கழிமுகக் கரையில் தோட்ட வீடு கட்டிக்கொண்டு படகு விட்டார்கள். 1806-இல் பட்டணத்துக்கும் எண்ணூருக்கும் கால்வாய் வெட்டினார்கள். பிற்பாடு பக்கிங்ஹாம் கால்வாயாக நீண்டது அதுதான். உல்லாசத்துக்கு ஏற்ற ஊர் என்று அன்று தோன்றியது, நூறு நூற்றைம்பது வருஷம் கழித்துச் சாம்பல் கொட்ட ஏற்ற ஊர் என்று தோன்றியது. ஊர் மாறவில்லை. பார்த்த கண்கள்தான் மாறின.

1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் வேலை செய்ய ஆரம்பித்தது, 2017-இல் மூடினார்கள். அதற்குள் வடசென்னை நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட், வள்ளூர் நிலையம் 1,500 மெகாவாட் என்று வரிசையாக வந்துவிட்டன. 2001-இல் துறைமுகம் வந்தது. நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாய் வழியே சாம்பல் குட்டைக்கு அனுப்புவது வழக்கம். குழாய் ஒழுகினால் குழம்பு எங்கே போகும் என்பதைச் சொல்ல இஞ்சினீயர் தேவையில்லை. கழிமுகத்தில் படிந்த சாம்பலை அகற்றிச் சீர்ப்படுத்த வேண்டும் என்று 2022-இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது; சாம்பல் ஆற்றில் இருக்கிறது.

அதோடு முடியவில்லை. 2017 ஜனவரி 28-ஆம் தேதி விடியற்காலையில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு எண்ணெய் கரை நெடுகப் படிந்தது. செவ்வாய்க் கிரகத்துக்குக் கலம் அனுப்பிய தேசம், அந்த எண்ணெயை வாளியால் மொண்டு எடுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கத்து எண்ணெய் கால்வாய் வழியாக வந்து கழிமுகத்தை மூடியது. கூழைக்கடாக்கள் வெள்ளை நிறம் போய்க் கறுப்பு உடம்போடு உட்கார்ந்திருந்தன. இப்போது 'காக்கா ஆழி' என்று ஒரு கறுத்த சிப்பி பரவியிருக்கிறது. தென் அமெரிக்கக் கடற்கரைப் பிராணி. கப்பல்களோடு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஆற்றின் தரையில் கம்பளம் விரித்தாற்போலப் படர்ந்து, உள்ளூர் மட்டியை மூச்சு முட்ட வைத்துவிட்டது. ஆயா கையால் துழாவிய சேற்றில் இன்று கையை விட்டால் அந்தச் சிப்பியின் விளிம்பு கிழித்துவிடும்.

இத்தனையும் நடந்த வருஷங்களில் நான் அந்த ஆற்றிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் குடியிருந்தேன், கையில் கேமராவுடன். ஒவ்வொரு கோடைக்கும் ரயில் ஏறியோ பஸ் ஏறியோ மலைக்குப் போய்விட்டேன்.

படத்துக்கு ஒரு சட்டம் உண்டு. சட்டத்துக்குள் எது இருக்கலாம், எது கூடாது என்று தீர்மானிப்பதுதான் போட்டோக்காரனின் கலை என்பார்கள். மின்கம்பி கூடாது, தகரக் கூரை கூடாது, புகைபோக்கி கூடவே கூடாது. வால்பாறையில் இரண்டடி தள்ளி நின்றேனே, அந்த வித்தை எனக்கு மட்டும் தெரிந்ததல்ல. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் தொடக்கூடாத நீர்ப்பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பிற்பாடு புழக்கத்துக்கு வந்த இன்னொரு வரைபடத்தில் ஏறத்தாழ 6,500 ஏக்கர் கழிமுகமே இல்லை என்பதை 2017-இல் சூழல் ஆர்வலர்கள் எடுத்துக்காட்டினார்கள். தண்ணீர் அங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தது. காகிதத்தில் மட்டும் வற்றிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்து நான் மிகவும் ஆத்திரப்பட்டேன். என்ன அநியாயம், ஓர் ஆற்றையே படத்திலிருந்து எடுத்துவிடுவதா என்று கேட்டேன்.

கேட்டவனின் அறுபதாயிரம் படங்களில் அந்த ஆறு எத்தனையில் இருந்தது என்பதை மேலே சொல்லிவிட்டேன். வரைபடம் தயாரித்தவர்கள் ஆற்றைச் சட்டத்துக்கு வெளியே தள்ளினார்கள், நானும் தள்ளினேன். அவர்கள் லாபத்துக்காகச் செய்திருக்கலாம். நான் அழகுக்காகச் செய்தேன். ஆற்றுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் சிலர் கேட்பார்கள், என் நண்பரே கேட்டார்: "மின்சாரம் வேண்டாமா? துறைமுகம் வேண்டாமா? அனல் மின் நிலையத்தை இழுத்து மூடிவிட்டு உம்முடைய கேமரா பேட்டரியை எதில் மாட்டுவீர்?"

நல்ல கேள்வி. மின்சாரம் வேண்டும். இந்தக் கட்டுரையை மின்விளக்கின் கீழேதான் எழுதுகிறேன். ஆனால் நான் ஒரு பதில் கேள்வி கேட்கிறேன். உதகை ஏரிக்கரையில் ஒரு சாம்பல் குட்டை கட்டலாம் என்று நாளைக்கு ஒருவர் யோசனை சொன்னால் என்ன ஆகும்? நீங்களும் நானும் கையெழுத்துப் போடுவோம், பத்திரிகைகளில் தலையங்கம் வரும், கோர்ட்டுக்குப் போவோம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிகள் அதிகமாகப் போகின்றன என்பதற்காகவே 2024 மே மாதத்திலிருந்து அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டி ஏறக்கூடாது என்று ஹைகோர்ட் உத்தரவு இருக்கிறது. நாங்களும் வாங்கிக்கொண்டுதான் போனோம். நியாயமான உத்தரவு. மலைக்கு வண்டிப் புகையே ஆகாது என்று கவலைப்படுகிற நமக்கு, எண்ணூருக்கு எதுவும் ஆகும் என்று எப்படித் தோன்றுகிறது? மலையின் படம் நம் மனசில் இருக்கிறது. எண்ணூரின் படம் நம்மிடம் இல்லை. படம் இல்லாத இடத்துக்காக யாரும் கண்ணீர் விடுவதில்லை. மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல தகராறு. சாம்பல் குழாயை ஒழுகாமல் வைத்துக்கொள்வதால் எந்த விளக்கும் அணைந்துவிடாது. ஒழுகினாலும் கேட்பாரில்லை என்ற தைரியத்தை யார் கொடுத்தது என்பதுதான் தகராறு. அந்தத் தைரியத்தை நாம்தான், ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம்.

இதில் பட்டணத்து வாசகர்களுக்குச் சுயநலமான காரணம் ஒன்றும் உண்டு. 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பினால் உபரித் தண்ணீர் கொசஸ்தலை வழியாக எங்கள் ஊரைத் தாண்டி எண்ணூரில்தான் கடல் சேர வேண்டும். அந்த வாயைச் சேற்றாலும் சாம்பலாலும் அடைத்துவிட்டால் தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போகாது. மணலி புதுநகர்க்காரர்களைக் கேளுங்கள். 2015-இலும் 2021-இலும் அவர்கள் வீட்டுக்குள் வந்தது எந்த ஆறு என்று சொல்வார்கள். படத்தில் இல்லாவிட்டாலும் ஆறு வந்து சேரும்.

போட்டோக்காரர்கள் எல்லோருமே என்னைப் போன்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களுக்கு ஈடு கிடையாது. கானகம் கானகமாக அலைந்தவர்தான். ஆனால் 1950 முதல் 1996-இல் இறக்கும் வரையில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் அவர் எழுதிய பத்திகளைப் பாருங்கள். காட்டு யானைக்குக் கொடுத்த மரியாதையை மயிலாப்பூர் வீட்டுக் காக்கைக்கும், தோட்டத்து அணிலுக்கும், தெருவில் போகும் ஆட்டுக்கும் கொடுத்திருப்பார். காட்டுக்குப் போனது கண்ணைத் தீட்டிக்கொள்வதற்கு. தீட்டிய கண்ணோடு வீட்டுக்குத் திரும்பினார். அவர் தமிழில் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற புத்தகமாகத் தொகுத்திருக்கிறார். நான் அந்தப் புத்தகத்தை வண்டியில் கூடவே எடுத்துப் போயிருந்தேன். இருவாட்சி மரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார அதைத்தான் விரித்துப் போட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

ஆகையால், மலைக்குப் போகாதீர்கள் என்று நான் உபதேசம் செய்யப்போவதில்லை. போய்வந்தவன் அப்படிச் சொன்னால் செருப்பால் அடிப்பீர்கள். போய்வாருங்கள். ஆனால் திரும்பி வந்து பெட்டியை இறக்கியதும், உங்கள் ஊரில் ஓடுகிற அல்லது ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் ஒன்று இருக்குமே, அடையாறோ, கூவமோ, நொய்யலோ, வைகையோ, பெயரே இல்லாத ஓர் ஏரியோ, அதன் கரைக்கு ஒரு தடவை போங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது போங்கள். அங்கேயும் ஒரு படம் எடுங்கள். இரண்டடி தள்ளி நிற்காதீர்கள். குப்பை விழட்டும், குழாய் விழட்டும், கம்பெனிப் பலகை விழட்டும். நாளைக்கு யாராவது ஒரு கிழவி "ருசு இருக்கா?" என்று கேட்கும்போது என்னைப்போல் மீன்கொத்தியைக் காட்டும்படி ஆகிவிடக்கூடாது.

வருகிற சித்திரையில் கூர்க் பக்கம் போகலாம் என்று நண்பர் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார். வண்டியை ஒரு நாள் எண்ணூர் முகத்துவாரம் வரையில் ஓட்டிவரச் சொல்லியிருக்கிறேன். பிறகு யோசிக்கலாம் என்றேன். அவர் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார்.

விலை உயர்ந்த லென்ஸை அலமாரியில் வைத்துவிட்டு, கேமராவோடு இலவசமாக வந்த சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டு நேற்றுக் காலையில் ஆற்றங்கரைக்குப் போனேன். அதில் எதையும் மங்கலாக்க முடியாது. பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே மாதிரி தெரியும். முதல் படத்தில் புகைபோக்கி இருக்கிறது. சாம்பல் திட்டு இருக்கிறது. காக்கா ஆழி அப்பிய கல் இருக்கிறது. முழங்கால் தண்ணீரில் ஆயா நிற்கிறாள்; ஓரத்தில் ஒரு வெள்ளைக் கொக்கும் நிற்கிறது. எந்தக் காலண்டர்க்காரரும் இதை வாங்க மாட்டார்.

பின்புறத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.